கச்சான் பிஸ்கற்றுக்குப் பாதாம் மா எதற்கு?

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

உங்கள் வார இதழின் மகளிர் பக்கத்தில் அண்மையில் வந்த ‘குளூட்டன் இல்லாத குக்கீஸ்’ சமையல் குறிப்பைப் பற்றி எழுதுகிறேன். குளூட்டன் என்பது கோதுமையில் உள்ள ஒரு புரதம். பாதாம் மா, தேங்காய்ச் சீனி, ஏதோ ஒரு பசைத்தூள் என்று நீளமாக ஒரு பட்டியல் தந்துவிட்டு, இதைச் சாப்பிட்டால் உடல் மெலியும், முகம் பொலிவு பெறும் என்றும் சேர்த்திருந்தீர்கள். பாதாம் மாவைத் தேடித் திருகோணமலைக் கடைத்தெருவில் அலைய வேண்டிய தேவை எவருக்கும் இல்லை. கோதுமை மா இல்லாமல் பிஸ்கற் செய்யக் கச்சான், சீனி, முட்டை மூன்றும் போதும். உடல் மெலியும் கதைக்கும் குளூட்டனுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. கச்சானும் சீனியும் சேர்ந்த பண்டம் எவரையாவது மெலிய வைத்தால் எனக்கும் சொல்லியனுப்புங்கள். முதல் ஆளாக நான் சாப்பிடுகிறேன்.

நான் உவர்மலையில் வீட்டிலிருந்தே கேக்கும் பட்டிஸும் ஓடருக்குச் செய்து கொடுப்பவள். கோதுமை மாவோடு எனக்குப் பகை கிடையாது. எனக்குச் சோறு போடுவதே அதுதான். இந்த ஊரில் இருந்துகொண்டு அதைப் பழித்துப் பேசவும் முடியாது. இலங்கையில் கோதுமை பயிராவதில்லை. கப்பலில் வருகிற கோதுமை நம் துறைமுகத்தில் இறங்கி, சீனன்குடாவில் 1980 முதல் இயங்கிவரும் பிரிமா ஆலையில் அரைபட்டுத்தான் நாட்டின் பல பக்கங்களுக்கும் போகிறது. காலையில் பாண், மாலையில் பணிஸ், இரவில் கொத்து ரொட்டி என்று வளர்ந்தவர்கள் நாங்கள். எழுபதுகளில் விடியுமுன்னே பாண் வரிசையில் நின்ற கதையை அம்மா சொல்லிச் சொல்லியே எங்களை வளர்த்தார். 2022இல் மா விலை ஏறியபோது என் தொழிலே ஆட்டம் கண்டது.

ஆனால் என் தங்கையின் மகனுக்கு அந்த மா ஆகாது. வயிறு ஊதி, கைகால் மெலிந்து, வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருந்தான். பூச்சி மருந்து கொடுத்தார்கள், இரும்புச் சத்துப் பாணி கொடுத்தார்கள், நாவூறு கழித்தார்கள். கடைசியில் இரத்தப் பரிசோதனையும் குடலில் சிறு துண்டு எடுத்துப் பார்த்த பரிசோதனையும் சேர்ந்து சீலியாக் நோய் என்று உறுதியாயிற்று. கோதுமை, பார்லி, றை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் உள்ளே போனால், உடலின் நோய் எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலின் உட்சுவரைத் தாக்கும். சத்தை உறிஞ்சும் விரல் போன்ற முளைகள் தேய்ந்து தட்டையாகிவிடும். பிறகு எவ்வளவு நல்ல சாப்பாடு கொடுத்தாலும் உடலில் ஒட்டாது. இதற்கு மருந்து கிடையாது. அந்தத் தானியங்களை வாழ்நாள் முழுவதும் தொடாமல் இருப்பதுதான் வைத்தியம்.

இதைக் கண்டுபிடித்த கதையும் ஒரு பாண் தட்டுப்பாட்டோடு சேர்ந்ததுதான். நெதர்லாந்தில் டிக்கே என்ற குழந்தை மருத்துவருக்குக் கோதுமை மீது முன்பே ஒரு சந்தேகம் இருந்தது. 1944–45 குளிர்காலத்தில், போரின் நடுவே, அந்த நாட்டில் கடும் பஞ்சம். பாண் இல்லாமல் எல்லோரும் வாடியபோது இந்த நோயுள்ள குழந்தைகள் மட்டும் தேறினார்கள். பாண் திரும்ப வந்ததும் அவர்களுக்கு நோயும் திரும்ப வந்தது. 1950இல் அவர் தம் ஆய்வேட்டில் இதை விளக்கி எழுதினார். அம்மா இருந்திருந்தால் இந்தக் கதையையும் தன் வரிசைக் கதையோடு சேர்த்திருப்பார்.

உங்கள் குறிப்பில் எனக்குக் கோபம் மூட்டிய வரி வேறு. ‘வயிற்று உப்பிசம் உள்ளவர்கள் இன்றே கோதுமையை நிறுத்திப் பாருங்கள்’ என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அப்படி எழுதாதீர்கள். சீலியாக் நோய் இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை, கோதுமையைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது செய்தால்தான் சரியாகக் காட்டும். முன்கூட்டியே நிறுத்திவிட்டுப் போனால் இரத்தத்தில் ஒன்றும் தெரியாமல் போகலாம். நோய் உள்ளவரையும் ‘உங்களுக்கு ஒன்றுமில்லை’ என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். சந்தேகம் உள்ளவர் முதலில் மருத்துவரிடம் போகட்டும், சாப்பாட்டை மாற்றுவது பிறகு. அந்த நோயோ கோதுமை ஒவ்வாமையோ இல்லாதவர் தாராளமாகப் பாண் சாப்பிடலாம். எனக்குக் கேக் ஓடரும் தரலாம்.

இனிப் பிஸ்கற்றுக்கு வருகிறேன். இதற்குத்தான் பேனாவை எடுத்தேன்.

பாணுக்குக் குளூட்டன் வேண்டும். மாவை அடித்துப் பிசையப் பிசைய அது இழுபடும் வலையாகி, உள்ளே எழும் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிஸ்கற்றுக்கு அந்த இழுபடும் குணமே எதிரி. சாதாரணப் பிஸ்கற் செய்யும்போதுகூட மாவை அதிகம் பிசையாதே என்று சொல்லித்தான் பழக்குகிறோம். ஆகவே குளூட்டன் இல்லாத பாண் செய்யப் புறப்பட்டவர் படும் பாடு பிஸ்கற்றில் இல்லை. கச்சானில் ஏறத்தாழப் பாதி எண்ணெய், கால் பங்கு புரதம். முட்டை வெப்பத்தில் இறுகி எல்லாவற்றையும் கட்டிப் பிடிக்கும். சீனி உருகி ஆறும்போது ஓரத்தை மொறுமொறுப்பாக்கும். மாவுக்கு அங்கே வேலையே இல்லை.

கச்சான் பட்டர் சுப்பர் மார்க்கெட்டில் போத்தலில் கிடைக்கிறது. அதில் செய்தால் பிஸ்கற் ஒரே சீராக வரும். எண்ணெய் பிரியாமலிருக்க அதில் வேறு கொழுப்புச் சேர்த்திருப்பார்கள். நான் வீட்டில் அரைப்பதையே விரும்புகிறேன். பச்சைக் கச்சானை வாங்கி, கறுத்தது, சுருங்கியது, பூஞ்சணம் பிடித்தது எல்லாவற்றையும் இரக்கமில்லாமல் எறிந்துவிட வேண்டும். பூஞ்சணம் பிடித்த கச்சானில் அஃப்ளரொக்சின் என்ற நஞ்சு உண்டாகலாம். அது ஈரலுக்குக் கேடு. வறுத்தாலும் வேகவைத்தாலும் முற்றாகப் போகாது. மாரி காலத்தில் இங்கே எந்தக் கச்சானையும் இரண்டு தரம் பார்த்துத்தான் வாங்குகிறேன்.

மிதமான நெருப்பில் தாச்சியில் வறுத்து, சூடு ஆறிய பின் உள்ளங்கையில் தேய்த்து, சுளகில் புடைத்தால் தோல் பறந்துவிடும். பிறகு கிரைண்டர். முதலில் தூளாகும். அடுத்து ஈரமணல் போல ஓரத்தில் ஒட்டும். அதற்கும் பிறகு ஒரே கட்டியாகத் திரண்டு, அலகு மட்டும் சுற்ற, கச்சான் அசையாமல் நிற்கும். இந்த இடத்தில்தான் பலர் பொறுமை இழந்து தேங்காய் எண்ணெயை ஊற்றுகிறார்கள். ஊற்ற வேண்டாம். நிறுத்தி, ஓரங்களை வழித்துவிட்டு, கிரைண்டரின் சூடு தணிந்ததும் மறுபடி ஓடவிடுங்கள். கட்டி தளரும், மேலே ஒரு மினுமினுப்பு வரும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரண்டியிலிருந்து வழியத் தொடங்கும். அது முழுக்கக் கச்சானின் சொந்த எண்ணெய். அந்த நேரத்தில் சமையலறையில் எழும் மணத்துக்கு அயல்வீட்டுப் பிள்ளைகள் வேலியோரம் வந்து நிற்பார்கள்.

அந்தக் கச்சான் பட்டர் ஒரு கப். நன்றாக ஆறியிருக்க வேண்டும். சூட்டோடு முட்டையை ஊற்றினால் முட்டைப் பொரியல்தான் கிடைக்கும். சிவப்புச் சீனி முக்கால் கப். பல குறிப்புகளில் ஒரு கப் என்று இருக்கும். அது எனக்குத் தித்திப்புக் கூட. முட்டை ஒன்று, அப்பச்சோடா அரைத் தேக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு, விரும்பினால் சில துளி வனிலா. எல்லாவற்றையும் அகப்பையால் கலந்தால் கையில் ஒட்டாத கலவையாக வரும். எண்ணெய் மிதந்தால் அரை மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். நெல்லிக்காய் அளவு உருண்டைகளாக உருட்டி, ஒயில் பேப்பர் விரித்த தட்டில் இடைவெளி விட்டு வைத்து, முள்ளுக்கரண்டியால் ஒருமுறை நெடுக்காகவும் ஒருமுறை குறுக்காகவும் அழுத்துங்கள். அந்தக் கோடுகள் வெறும் அலங்காரம் இல்லை. கச்சான் கலவை இறுக்கமானது, தானாகப் பரவாது. அழுத்தாமல் விட்டால் வெளியே கருகி நடுவில் வேகாமல் நிற்கும்.

போறணையை முன்பே 180 பாகை செல்சியஸில் சூடாக்கி, 10 முதல் 12 நிமிடம். ஓரம் பொன்னிறமானதும் எடுத்துவிடுங்கள். நடு இன்னும் மென்மையாகத்தான் இருக்கும். வேகவில்லையென்று நினைத்துத் திரும்ப உள்ளே தள்ளாதீர்கள். தட்டிலேயே பத்து நிமிடம் ஆறட்டும். சுடச்சுட எடுத்தால் கையோடு உதிர்ந்துவிடும். உதிர்ந்ததை யார் சாப்பிடுவது என்று எங்கள் வீட்டில் சண்டை நடப்பதுண்டு. அதனால் இந்த அறிவுரையை எவரும் கேட்பதில்லை. வேகாத கலவையை வழித்து நக்குவதை மட்டும் அனுமதிக்காதீர்கள், அதில் பச்சை முட்டை இருக்கிறது.

போறணை இல்லாத வீடுகளுக்கும் வழி உண்டு. அடிகனத்த பழைய சட்டியில் இரண்டு விரல் உயரத்துக்கு மணல் பரப்பி, மேலே ஒரு கம்பி வளையம் வைத்து, மூடி, கால் மணி நேரம் சூடேற்றிய பிறகு தட்டை உள்ளே இறக்க வேண்டும். நெருப்பு மெல்லியதாக இருக்கட்டும். நேரம் கொஞ்சம் கூடும். முதல் தட்டில் உங்கள் அடுப்பின் குணம் தெரிந்துவிடும். சீனிக்குப் பதில் பனங்கட்டி போடலாமா என்று கேட்பார்கள். போடலாம், சுவை பிரமாதம். ஆனால் பனங்கட்டியில் ஈரம் இருப்பதால் பிஸ்கற் மென்மையாகத்தான் வரும். சைவக்காரர் முட்டையைத் தவிர்த்தால் பிஸ்கற் நிற்காது. அவர்கள் கச்சான் உருண்டை பிடிப்பதே மேல்.

செய்முறை இவ்வளவு சுலபம். சுத்தம்தான் கடினம். உங்கள் குறிப்பில் அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

இந்தப் பிஸ்கற்றை நான் என் சமையலறையில் செய்வதில்லை. என் வீட்டில் அரிதட்டில், மரப்பலகையின் கீறலில், மின்விசிறியின் இதழில் எங்கும் கோதுமை மா. சாம்பல்தீவில் உள்ள தங்கை வீட்டுக்கு பஸ்ஸில் போய், குளித்து உடை மாற்றி, அவள் அடுப்பில்தான் செய்கிறேன். பார்ப்பவர்களுக்கு இது கூத்தாக இருக்கும். உலக அளவில் உணவுத் தரங்களை வகுக்கும் கோடெக்ஸ் அமைப்பு, ‘குளூட்டன் இல்லாதது’ என்று எழுத வேண்டுமானால் ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது என்கிறது. பாணை வெட்டிய கத்தியைத் துடைத்துவிட்டு அதே கத்தியால் வெட்டிக் கொடுப்பவர்களுக்கு இந்த அளவு புரிவதில்லை.

கச்சானையே எடுத்துக்கொள்ளுங்கள். கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியிலும் கடற்கரையிலும் தாளில் சுற்றித் தருகிற, கோதுடன் வறுத்த கச்சானில் பிரச்சினை இல்லை. எண்ணெயில் பொரித்து மிளகாய்த்தூள் போட்ட கச்சான் அப்படியல்ல. இறால் வடை பொரித்த அதே எண்ணெயாக இருக்கலாம், இறால் வடையிலோ பெரும்பாலும் கோதுமை மா. சந்தையில் அரைத்த குரக்கன் மாவையும் அரிசி மாவையும் வாங்கும்போது, அதே ஆலையில் கோதுமையும் அரைக்கிறார்களா என்று கேட்க வேண்டும். தூள் பெருங்காயத்தில் கோதுமை மா கலப்பது வழக்கம். சோயா சோஸில் கோதுமை உண்டு. மோல்ட் பானங்களில் பார்லி உண்டு. ரவையும் சேமியாவும் கோதுமைதான் என்பது தெரியாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

நம் ஊர்ச் சாப்பாடு அரிசிச் சாப்பாடுதானே, பயம் என்ன என்று பலர் கேட்கிறார்கள். தோசைக்கு உழுந்தோடு கோதுமை மாவும் கரைக்கிற வீடுகள் எத்தனை! புட்டுக்கு அவித்த கோதுமை மாவைச் சேர்க்காத கடைகள் எத்தனை! ஒரு சாப்பாட்டுக் கடையில் சிவப்பரிசி இடியப்பம் என்று தந்தார்கள். நான் துருவிக் கேட்டபோது, “கொஞ்சம்தான் அக்கா கோதுமை மா, பிழிய இலகுவாக இருக்கும் என்று போட்டோம்” என்றார் அந்தத் தம்பி. அவர் மீது எனக்குக் கோபம் இல்லை; கேட்டதும் உண்மையைச் சொன்னார். கேட்காதவருக்கு யார் சொல்வது?

பிறந்தநாள் வீடுகளில் இந்தப் பிள்ளை படும் பாட்டைப் பார்க்க வேண்டும். கேக் வெட்டிக் கைதட்டி எல்லோருக்கும் தட்டு வரும். இவனுக்கு ஒரு வாழைப்பழம். அதை உரிக்காமலே கையில் வைத்துக்கொண்டு, மற்றவர்கள் ஐசிங்கை விரலால் வழிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பான். இப்போது தன் டப்பாவை எடுத்துக்கொண்டு போகிறான். நான் எதைக் கொடுத்தாலும், “பெரியம்மா, இதில் கோதுமை மா போட்டீர்களா?” என்று கேட்ட பிறகுதான் வாயில் வைப்பான். கேக் செய்து பிழைக்கும் என்னிடம் கேட்க வேண்டிய கேள்விதான்.

டப்பா விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. கச்சான் ஒவ்வாமை உள்ள பிள்ளைகளும் வகுப்பில் இருக்கலாம். அவர்களுக்கு ஒரு கடிகூட மூச்சுத் திணறலில் கொண்டுபோய் விடலாம். தங்கை அதனால் வகுப்பாசிரியைக்கு முன்பே எழுதிக் கொடுத்திருக்கிறாள், மகனுக்கும் பகிர்ந்து உண்ணாதே என்று சொல்லி வைத்திருக்கிறாள். பகிர்ந்து உண் என்று சொல்லி வளர்க்கிற நமக்கு இதைச் சொல்ல வாய் வருவதில்லை; சொல்லத்தான் வேண்டும். ஒரு பிள்ளைக்கு மருந்தாகிற பண்டம் அடுத்த பிள்ளைக்கு நஞ்சாகலாம் என்பதை இந்தப் பிஸ்கற் குறிப்பின் கீழ் நீங்கள் அச்சிட்டிருக்க வேண்டும்.

நம் ஊர் வெதுப்பகங்களுக்கும் வீட்டிலிருந்து செய்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வெளிநாட்டிலிருந்து வரும் குளூட்டன் இல்லாத பிஸ்கற் பெட்டியின் விலையைப் பார்த்துத் தங்கை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டு வருவாள். அதே பண்டத்தை இங்கே கச்சானில் செய்து நியாய விலைக்கு விற்கலாம். தனித் தட்டு, தனி அரிதட்டு, தனி அகப்பை, கோதுமை மா மூட்டை அவிழ்க்காத ஒரு தனி அறை, இவை இருந்தால் செய்யுங்கள். இல்லையென்றால் ‘கோதுமை மா சேர்க்கவில்லை, ஆனால் கோதுமை புழங்கும் சமையலறையில் செய்தது’ என்று பக்கற்றில் எழுதிவிடுங்கள். நோய் உள்ளவர் வாங்கமாட்டார், மற்றவர் வாங்குவார். பொய்யாக ‘குளூட்டன் இல்லை’ என்று ஒட்டி விற்பதைவிட அது வியாபாரத்துக்கும் நல்லது.

ஆசிரியர் அவர்களிடம் கேட்பது ஒன்றுதான். சமையல் குறிப்பு வெளியிடும்போது, அடியில் ‘கோதுமை உண்டு’ அல்லது ‘கோதுமை இல்லை’ என்று ஒரு வரி சேருங்கள், கச்சானுக்கும் அப்படியே. மெலிவு, பொலிவு எல்லாம் விளம்பரக்காரருக்கு விட்டுவிடுங்கள். தீபாவளிப் பலகாரச் சிறப்பிதழ் வருமுன் இது நடந்தால் நல்லது. பயற்றம் பணியாரத்தைத் தோய்த்தெடுக்கும் மா அரிசி மாவா கோதுமை மாவா என்று நீங்கள் எழுதாமல் விட்டால், தங்கை என்னைத்தான் தொலைபேசியில் அழைப்பாள். அதுவும் நான் கேக் தட்டைப் போறணைக்குள் வைத்த நேரம் பார்த்து.

இப்படிக்கு,
உவர்மலை வாசகி,
திருகோணமலை.